இடத் தோளில் விழுந்த பட்டை

கிணத்துக்கடவு போலீஸின் இரவுச் சோதனையில் சீட் பெல்ட்டை மாட்டாமல் கையால் இழுத்துப் பிடித்து ஏமாற்றியவர்களின் சட்டையில் மறுநாள் காலை கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. மூன்று விரல் அகலம். ஓட்டியவருக்கு வலத் தோளில் தொடங்கி இடுப்பின் இடப்பக்கம் வரை. அருகில் உட்கார்ந்தவருக்கு இடத் தோளிலிருந்து வலப்பக்கம். கொப்பரை விலை இறங்கிய ஆனி மாதம் அது. எஸ்.ஐ. பாலுசாமி யாரையும் திட்டுவதில்லை. நெஞ்சில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போங்க என்பார். சட்டையை மாற்றினால் மாற்றிய சட்டையிலும் பட்டை வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் ஆண்கள் வெளியே இறங்காத ஊர் என்பதால் நன்றாகவே தெரிந்தது. சலவைக்காரர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். முகூர்த்தப் பந்திகளில், "ஏனுங்க மாமா, ராத்திரி நம்ம ரோட்டுலதான் வந்தீங்களாட்ட இருக்குது" என்று விசாரிப்பது வழக்கமாயிற்று. "காந்திபுரத்துல வாங்கி இன்னைக்குத்தான் பிரிச்சேனுங்க" என்றார் ஒருவர். "சட்டை புதுசுதானுங்க. நெஞ்சு பழசு" என்றார் பக்கத்து இலைக்காரர். ஒழுங்காகப் பெல்ட் மாட்டத் தொடங்கிய சிலருக்குப் பட்டை மங்கியது. சிலருக்கு மங்கவில்லை. காரணம் தெரியவில்லை.

பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர் காளிச்சாமியின் மூத்த மகள் பிரவீனா அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தாள். கணவன் கவின், கோவையில் பம்ப்செட் கம்பெனி இன்ஜினியர். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அவன் ஓட்டிய கார் நின்றிருந்த லாரியில் மோதியது. அன்று அவள் கட்டியிருந்த பட்டு, பார்லரில் கொடுத்து மடிப்பு வைத்து வாங்கியது. முந்தானை மடிப்பு இடத் தோளில் நின்றது. பெல்ட்டும் அங்கேதான் விழும். மடிப்புக் கலையும் என்றாள். பெல்ட் போடாவிட்டால் கார் கத்திக்கொண்டே இருக்கும். கவின்தான் எட்டி, பெல்ட்டை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டினான். கத்தல் நின்றது. எல்லோரும் செய்வதுதான். துக்கத்துக்கு வந்தவர்கள், பெல்ட் போட்டும் போய்விட்டாளே, விதி என்றார்கள். அவன் மறுக்கவில்லை. மாமியார் மயிலாத்தாள் நேராகவே கேட்டபோது, "போட்டுத்தானுங்க இருந்தா, அத்தை" என்றான்.

வருடம் திரும்பியதும், இளையவள் நந்திதாவை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பொறுப்பான மாப்பிள்ளை, உறவும் விட்டுப்போகாது. நந்திதாவும் சம்மதித்திருந்தாள். ஞாயிறு பேசி முடிக்க, கவின் சனி இரவே புறப்பட்டான். பெல்ட் மாட்டியிருந்தான், பிரவீனா போன பிறகு மாட்டாமல் ஓட்டியதில்லை. பாலுசாமி அவன் நெஞ்சில் டார்ச் அடித்தார். பிறகு பக்கத்துக் காலி சீட்டில் கொஞ்ச நேரம் அடித்தார். போங்க என்றார்.

காலையில் மாமனார் வீட்டு அறையில் சட்டையைப் போட்டதும் பட்டை வந்தது. இடத் தோளிலிருந்து. துண்டு போட்டு மறைத்தான். துண்டிலும் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகாமல் இருக்க முடியவில்லை. அதற்குள் பொள்ளாச்சியில் பட்டையைப் படிக்கத் தெரியாதவர் யாருமில்லை.

"மாப்ள, நீங்கதானுங்க ஓட்டிட்டு வந்தீங்க?" என்றார் காளிச்சாமி.

"ஆமாங்க மாமா."

"அப்பறம் ஏனுங்க பட்டை அந்தப் பக்கமிருந்து விழுந்திருக்குது?"

நந்திதா எழுந்து உள்ளே போனாள். மயிலாத்தாள் கையில் கரண்டியுடன் அவன் இடத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில சேலையக் குடுத்தப்ப தோள் மடிப்பு ஒண்ணுகூடக் கலையலீங்க, மாப்ள. பெல்ட்டு போட்டிருந்தா நசுங்கியிருக்குமேன்னு நெனச்சேன். நீங்க சொன்னீங்கன்னு உட்டுப்போட்டேன்." பிறகு, "இட்லி ஆறுதுங்க. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தான். வழக்கத்தைவிட மரியாதையாகப் பரிமாறினார்கள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வாரேனுங்க என்றபோது, காளிச்சாமி வாசல் வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டார். கவினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தையில் நந்திதாவைக் கிணத்துக்கடவு சபரீஷுக்குக் கொடுத்தார்கள். கவினுக்கு வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார்கள். அவனும் போனான். மண்டபத்தில் தூண் ஓரமாக நின்றவனை, குடும்பப் படத்துக்கு மயிலாத்தாள் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கடைசி ஆளாக நின்றான். போட்டோக்காரர் யூனுஸ், முகப்பரு நீக்குவதுபோல எல்லோருடைய பட்டையையும் கம்ப்யூட்டரில் நீக்கி, ஆல்பத்தின் மாதிரியைக் காட்ட வந்தார். "ஓரத்துல நிக்கிறவருக்கு மட்டும் ரொம்ப அழுத்தமா இருந்துச்சுங்க்கா. ஒருவழியா எடுத்துட்டேன்."

"அதைய மறுபடி போட்டுருங்க, கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "அது எங்க பெரிய அம்மணி பிரவீனாவோடது."

யூனுஸ் போட்டுக் கொடுத்தார். ஆல்பம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை மயிலாத்தாளே திருப்பிக் காட்டுகிறாள். இதுல எம்பட புள்ளைக ரெண்டு பேரும் இருக்கறாங்க என்கிறாள். பார்த்தவர்கள் ஆமாங்க என்று சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.