எரியாத டெஸ்டர்

கடகடவென்று வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் எலக்ட்ரீஷியன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இரண்டு வருடமாகத் துணி மூடிக் கிடந்த தையல் மெஷினின் சத்தம் அது! அதைக் கொடுத்துத் தொலைக்கத்தான் பழைய சாமான் கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"என்னப்பா, சும்மா கிடக்கிற மெஷின்னு சொன்னியே?"

"ஓட்டறதுக்கு ஆளில்லண்ணே. உட்கார்ந்தா இடுப்பு வலிக்குதாம் மகாராணிக்கு. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் சோம்பேறித்தனம்." இதை அவர் சொல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

உள்ளே, அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதிலிருந்து இரண்டு வயர்கள் முதுகில் ஒட்டிய பட்டைகளுக்குப் போயின.

"பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தாங்க. லேசா கரண்ட் விட்டு நரம்பைத் தட்டிக் கொடுக்குமாம். வலி அடியோட போகாது, எல்லாருக்கும் கேட்கவும் கேட்காதாம். எனக்குக் கேட்குதுங்க! முக்கால் மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்." பின்னால் நின்ற கடைக்காரரைப் பார்த்ததும் மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மெஷினைக் கொடுத்துடாதீங்க."

"கரண்டா? என்கிட்டயேவா?" சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை உருவிப் பட்டையில் வைத்தார். அதன் குட்டி விளக்கு எரியவில்லை. "பார்த்தீங்களாண்ணே? சுத்த ஏமாத்து வேலை!"

அவள் கருவியை நிறுத்தினாள். பட்டைகளைக் கழற்றி அவர் முன்கையில் ஒட்டி, பொத்தானை ஒவ்வொரு படியாக ஏற்றினாள். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தோலுக்கடியில் தூறல் விழுந்தது. சட்டென்று விரல்கள் தாமாகவே மடங்கின. இருபது வருடம் கரண்டோடு குப்பை கொட்டியவர் தன் கையையே வாய் பிளந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! அடிக்கிற கரண்டைத்தான் பார்த்திருக்கேன். தடவிக் கொடுக்கிற கரண்டை இப்பத்தான் பார்க்கிறேன்!"

"வேலை கத்துக்க வர்றவங்ககிட்ட தினமும் என்ன சொல்வீங்க?"

"டெஸ்டர் எரியலைன்னு நம்பிக் கம்பியைத் தொட்டுடாதேன்னு..." அவர் குரல் பாதியில் இறங்கியது.

"என் இடுப்புக்கு மட்டும் ஸ்கேனை நம்பிட்டீங்களே!"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்போ மெஷின்?"

"அது இங்கேயே இருக்கட்டும்ணே. எந்தக் கருவியிலயும் தெரியாத வலியும் வலிதான். வலிக்குதுன்னு அவ சொன்ன அன்னைக்கே நம்பியிருக்கணும், நான் நம்புறதுக்கு என் கையில கரண்ட் ஏற வேண்டியிருந்துச்சு."