வெளியூர் நீதிபதி

ஆனந்தகிருஷ்ணன் சேலத்தில் டிப்ளமா படித்தவன். மொன்ட்ரியலில் அந்தக் காகிதத்தை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை. கையில் சூட்டுத் தழும்பு இல்லாத இடம் குறைவு. செயின்ட்-மிஷேலைத் தாண்டி, கல்குவாரியை ஒட்டிய குட்டி நகராட்சி ஒன்றில் அவனும் மனைவி அனுசூயாவும் வாடகைக்கு இருந்தார்கள்.

அவர்கள் தெருவை இடித்து ரோடு போடுவேன் என்றார் மேயர். விடமாட்டேன் என்று தேர்தலில் அவரை எதிர்த்து நின்றார் ஒரு பால்காரர். எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலில், ஊருக்குச் சம்பந்தமில்லாத ஆட்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கி ஓட்டுப் போடவைத்து மேயர் ஜெயித்தார். தெரு சார்பில் ஆனந்தகிருஷ்ணன் வழக்குப் போட்டான். விசாரிக்க வேண்டிய உள்ளூர் நீதிபதி, மேயருக்குச் சொந்த மைத்துனர்.

வக்கீல் பிரெஞ்சுக்காரர். பொறுமையாகச் சொன்னார்: "இவர் முன்னாலேயே நடத்தலாம். சீக்கிரம் முடியும். பாதகமாக வந்தால் அப்பீல்; அது முடிகிறவரை தெருவை இடிக்க முடியாது. வேறு நீதிபதி கேட்டால் அவர் எப்போது வருவாரென்று சொல்ல முடியாது. அதுவரை இடிப்பு நிற்காது."

"ஃபோர்மேன் பண்ண திருட்ட அவன் மச்சான் கிட்டயே போய் சொல்றதா? பட்டறையில இதப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சவன் நான்," என்று வீட்டில் குதித்தான் ஆனந்தகிருஷ்ணன்.

"உங்களுக்கு நல்ல ஜட்ஜு வேணும். எனக்கு அடுப்பு வெக்க இடம் வேணும்," என்றாள் அனுசூயா.

அவன் கேட்கவில்லை. வேறு நீதிபதி கேட்டு மனு போட்டான். மைத்துனர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நியாயமான கோரிக்கை" என்று சிரித்தபடி விலகிக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று.

பனி உருகியதும் புல்டோசர் வந்தது. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இவர்களுக்கு மொன்ட்ரியலின் இன்னொரு கோடியில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் ஒரு நிலவறை வீடு அகப்பட்டது. ஜன்னலில் போகிறவர் வருகிறவர் செருப்பு மட்டும் தெரியும்.

வெளியூர் நீதிபதி இலையுதிர் காலத்தில் வந்தார். யோக்கியமான கிழவர். யார் வீட்டிலும் ஒரு காப்பிகூடக் குடிக்கவில்லை. பஸ் டிரைவரைக் கூண்டில் ஏற்றித் துருவி எடுத்தார். தேர்தல் செல்லாது, மறுபடி நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

வக்கீல் கை குலுக்கினார். வெளி வராந்தாவில் அனுசூயா கேட்டாள்: "அப்ப நாம போய் ஓட்டுப் போடலாமா?"

"அங்க குடியிருக்கறவங்கதான் போடலாம்," என்றான் ஆனந்தகிருஷ்ணன்.

"நம்ம தெருக்காரங்க?"

"ஒருத்தரும் அங்க இல்லியேடி."

"அந்த வீட்டுல உக்காந்து தோத்திருக்கலாம்," என்றாள் அவள். அழவில்லை. முந்தானையை இழுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுதேர்தலில் பால்காரர் நிற்கவில்லை. அவருக்கு ஓட்டுப் போட யார் இருந்தார்கள்? இந்தத் தடவை மேயருக்குப் பஸ் தேவைப்படவில்லை; போட்டியே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரோ பட்டறையில் சொன்னார்கள். ஆனந்தகிருஷ்ணன் பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு உலைக்குப் போனான்.