தரையைப் படம் பிடித்த கேமரா

அந்த வீட்டில் மச்சானுக்குப் பட்டப்பெயர் ‘கேக்கு’. அக்கா மகளின் முதல் பிறந்தநாளன்று, அக்கா பார்த்துப் பார்த்துச் செய்த கேக்கை மேசையோடு கவிழ்த்தவன் என்பதால் வந்த பெயர். “நான் தொடவே இல்லக்கா” என்று அவனும் விடாமல் சொல்லிவருகிறான். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள்.

கவிழ்த்தது அக்காவின் கணவர், அதாவது அவனுடைய அத்தான்தான். வீடியோ கேமராவில் ஒரு கண்ணைப் பதித்து, எல்லோரையும் ஒரே படத்தில் அடைக்கப் பின்னால் பின்னால் நகர்ந்தவர், பின்புறத்தால் மேசையை இடித்துவிட்டார். பலூன் வெடித்த பக்கம் எல்லோரும் திரும்பியிருந்த நேரம். மேசையருகே மச்சான் நின்றிருந்தான். பழிபோட ஆளைத் தேடவேண்டிய சிரமம்கூட இருக்கவில்லை.

இப்போது அத்தானின் மனைவி பழைய கேசட்டுகளையெல்லாம் டிஸ்க்கில் மாற்றக் கடையில் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. இடித்த உடனே கேமராவை நிறுத்தியது அத்தானுக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் சனிக்கிழமை காலையிலேயே கடைக்குப் போய், பிறந்தநாள் கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

கடைக்காரப் பெண் பஞ்சால் பிளேயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “கேசட்டு அதோட வேகத்துலதான் ஓடும் சார். உக்காருங்க.”

உட்கார்ந்தார். திரையில் தோரணம் கட்டிய வெற்று ஹால் தெரிந்தது. காலி நாற்காலிகள். பிறகு, படம் ஒரு வெட்டு வெட்டி, தரை. செருப்புகள். அவருடைய பேன்ட் நுனியில் வெள்ளை கிரீம்.

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. மெழுகுவத்தி ஊதியபோது அவர் பொத்தானை அழுத்தவே இல்லை. நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோதுதான் கேமரா ஓடத் தொடங்கியிருக்கிறது. கழுத்தில் தொங்கியபடியே அது தரையைப் பார்த்தது. காதை மட்டும் அவர் பக்கம் வைத்திருந்தது.

“ஐயையோ, இடிச்சுட்டனே... நல்லவேளை, யாரும் பாக்கல. மச்சான் பக்கத்துலதான் நிக்கிறான், அவன் தலையில போட்டுருவோம்” என்று அவருடைய இளமைக்குரல் முணுமுணுத்தது. அடுத்த நொடியே உரக்க: “டேய் மச்சான்! என்னடா பண்ணித் தொலச்ச!”

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துரலாமாம்மா?”

“தாராளமா” என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணெதிரிலேயே வெட்டி, புது டிஸ்க்கைக் கையில் கொடுத்தாள்.

ஞாயிறன்று அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. “வாடா கேக்கு! இன்னைக்கு உன் வண்டவாளம் வெளிய வரப்போகுது.”

மச்சான் சோபாவில் சாய்ந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டான்.

அத்தான் தன் டிஸ்க்கை நீட்டினார். “அது இருக்கட்டுங்க” என்று மனைவி கைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டாள். “வெள்ளிக்கிழமையே நான் போய் முழுசாப் பாத்துட்டேன். முகப்புல எந்தக் காட்சி வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டா. நானே ஒண்ணு சொல்லிட்டு வந்தேன்.”

படத்துக்கு முன்னால் முகப்பு வந்தது. பொத்தானை அழுத்தும்வரை ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடும் வகை. தரை. செருப்பு. கிரீம். “ஐயையோ, இடிச்சுட்டனே...”

மகள் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து வழுக்கினாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை ஓடியபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், பிடித்த பாட்டைக் கேட்பவன்போல.

“பொத்தானை அமுக்கித் தொலடா!”

“இருங்க அத்தான். சத்தம் பத்தல.” கூட்டினான்.

அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார்.

“ஏங்க” என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாத்து. பின்னால மேசை இருக்கு.”