மூன்றாவது தடவை கேட்கும்வரை

"மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னா, அதை அப்படியே நிஜம்னு எடுத்துப்பியா நீ?" என்று அண்ணன் கத்தினான்.

"அப்ப நான் மட்டும் நிஜமாவா சொன்னேன்? மரியாதை எனக்கும் தெரியும்" என்று சின்னவள் அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

அண்ணி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டு மாடியில், ஏற்கெனவே காய்ந்துவிட்ட துணியை மறுபடி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தெருமுனையில் சாவி வெட்டுகிற சாவிக்காரர் அந்த வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடந்தது ஒரு சொல் விடாமல் தெருவுக்குக் கிடைத்தது அவர் புண்ணியத்தில்தான்.

புதுப் பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்தவர் அவர். வலது கால் மடித்துக் குத்தியாகிவிட்டது, இடது கால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய பேண்ட் குளியலறைக் கொக்கியில். குளியலறைக்குள் அண்ணனின் மகள். அந்தப் பெண் குளிக்கப் போனால், வருவதற்குள் நாம் ஊருக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஆக, மனிதர் நடையில் நின்றபடி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

அவர் காலடியில் முட்டி போட்டிருந்தவள்தான் அந்த வீட்டின் நடுப்பெண். தெருவில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். உதட்டில் ஆறு குண்டூசி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. மற்றபடி ஆள் குத்துகிற ரகம் இல்லை. வாயில் ஊசி இருக்கிறவள் எங்கே பேசுவது? எது கேட்டாலும் 'ம்' என்பாள். அது சம்மதமா மறுப்பா என்பது கேட்டவர் வசதி.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த அந்த நடைதான் பத்து வருஷமாக அவளுடைய தையல் கடை. ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் இஸ்திரிப் பலகை. யாராவது குளிக்கப் போனால் துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் துணியைப் போர்த்தி வைக்க வேண்டும். போட்டுப் பார்க்கிற அறை குளியலறையேதான். ஒருமுறை கோட்டு போட்டுப் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளை, கை நீளம் சரியா என்று தூக்கிப் பார்த்ததில் ஷவர் திறந்துகொண்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தக் கோட்டை இரண்டு விசிறி வைத்துக் காயவைத்தார்கள்.

இப்படி இருக்கிற நேரத்தில்தான் தெருமுனையில், லாண்டரிக்கும் சாவிக்காரர் கடைக்கும் நடுவில் ஒரு கடை காலியானது. பெரிய கடை இல்லை, ஒரு நீளமான அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. பின்பக்கம், யார் புண்ணியவானோ விட்டுப்போன ஒரு திரைக்கம்பியும் இருந்தது. சேதி சொன்னது சாவிக்காரர். போய்ப் பார்த்த குண்டூசி ஜன்னலைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை, திரைக்கம்பியைத்தான் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். கடைக்குச் சொந்தக்காரியான லாண்டரிக்கார அம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முழு அட்வான்ஸ் வராவிட்டால் போன் ரிப்பேர்க்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. மணி இரண்டே கால். பேங்க் நாலு மணிக்கு மூடிவிடும்.

பணம் சித்தப்பாவுடையது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் கடைசிவரை கீழ்த்தளத்தில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்த மனிதர். தன் அண்ணன் பிள்ளைகளான இந்த மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு தொகையை எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முழுசாக ஒருத்தர் எடுத்தால் ஒரு காரியம் ஆகும். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சோபா வாங்கலாம், அவ்வளவுதான். பேங்க் படிவத்தில் கையெழுத்துப் போட மூன்று கோடு, பணம் போய்ச்சேர ஒரே ஒரு கணக்கு. யார் என்பதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று பேங்க்காரர் சொல்லியனுப்பிவிட்டார். பாவம், அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது.

அந்தக் குடும்பத்தில் எதையும் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வாங்குவார்கள். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, நாம் ஒன்றும் அலையவில்லை என்று காட்டுவதற்கு. மூன்றாவது, கொடுக்கிறவர் மனசாரத்தான் கொடுக்கிறாரா என்று பார்ப்பதற்கு. அப்புறம் ஏதோ கட்டாயத்துக்காக என்கிற முகத்தோடு எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விருந்தாளிக்கு மூச்சு வாங்கிவிடும். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அண்ணி, இன்னொரு ரொட்டி வேண்டாம் என்றவர்களுக்கு நிஜமாகவே வைக்காமல் விட்டு, ஒரு வாரம் வீட்டையே பட்டினி போட்டாள் என்பார்கள்.

சித்தப்பா பணத்துக்கும் முறைப்படிதான் ஆரம்பித்தார்கள். எனக்கு எதுக்கு, நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க என்றான் அண்ணன். எனக்குத்தான் சம்பளம் வருதே என்றாள், பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிற சின்னவள். குண்டூசி ஊசிகளுக்கு நடுவிலிருந்து, மெஷின் இருக்கு, அது போதும் என்றாள். முதல் சுற்று அமர்க்களமாக முடிந்தது. இரண்டாவது சுற்று தொடங்க வேண்டிய நேரத்தில் பிளம்பர் வந்துவிட்டார். குழாய் ஒழுகி, வாளி பிடித்து, தரை துடைத்து, அந்தப் பேச்சே அத்தோடு நின்றுபோனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன்னுடைய வேண்டாம் வெறும் மரியாதை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்ற இரண்டு பேருடைய வேண்டாம் மட்டும் நிஜம் என்று ஒவ்வொருவரும் நம்பிவிட்டார்கள். ஆளுக்கொரு இடத்தில் போய்க் கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். குண்டூசி கடைக்கு. சின்னவள் வேறு ஊரில் ஏதோ ஒரு படிப்புக்கு. யாரோ ஒருவர் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுக்கும் அண்ணன், தனியாகத் தொழில் பண்ண ஒரு பழைய காருக்கு. அவனுக்குத் தெருவில் பிரேக் என்று பெயர். இருபது வருஷம் பயந்து பயந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இப்போது வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதுகூட யாராவது குரல் உயர்த்தினால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அன்றைக்கு அந்தக் கால் எழும்பவே இல்லை.

கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிய பிறகு அண்ணி படிவத்தை மேஜை நடுவில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"உங்க வழக்கம் பாதியில நின்னதாலதானே இவ்வளவும்? விட்ட இடத்திலிருந்து முடிச்சிடுங்க. ரெண்டாவது சுற்று. என்னங்க, நீங்க மூத்தவர், நீங்களே ஆரம்பிங்க."

அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. முறை என்று வந்துவிட்டால் அவனை அசைக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு நடைப்பக்கம் திரும்பினான்.

"எனக்கு வேண்டாம்மா. நீயே எடுத்துக்கோ."

இப்போது குண்டூசி, ஐயோ அண்ணா, நீ எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண்ணெதிரே இருந்தது சாவிக்காரரின் இடது கால். அரை மணி நேரமாக நகர முடியாமல், குளியலறைக் கதவு திறக்குமா என்று விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்த கால். பத்து வருஷத்தில் இப்படி எத்தனை கால் பார்த்திருக்கிறாள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் இப்போதுதான் தலைக்கே ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.

குண்டூசி உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டிலிருந்த சின்னத் திண்டில் குத்தினாள். ஆறும் முடிந்ததும் எழுந்தாள்.

"சரிண்ணா. எடுத்துக்கறேன்."

சாவிக்காரர் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்.

"அக்கா," என்றாள் சின்னவள், குரலைத் தாழ்த்தி, மறந்துபோனவளுக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி. "நீ இப்ப வேண்டாம்னு சொல்லணும்."

"தெரியும். எனக்கு வேணும். என் கடைக்கு ஒரு கதவு வேணும். திரைக்குப் பின்னாடி நின்னு ஒருத்தர் பேண்ட் மாத்தணும்னா, யாரும் சோப்பு போட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது."

"நான் மரியாதைக்குத்தானே சொன்னேன்" என்றான் அண்ணன்.

"தெரியும்ணா. ஆனா சொன்னே."

அவள் மேஜைக்கு வந்து தன் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள்.

"உனக்கு வேணுமா சொல்லு. ஒரே ஒரு தடவைதான் கேப்பேன்."

சின்னவளின் வாய் 'வே' வரைக்கும் போய் அங்கேயே நின்றது. அந்த வீட்டில் யாரையும் ஒரே ஒரு தடவை கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெல்ல மெல்ல விஷயமும் வந்தது. படிப்பு கிடிப்பெல்லாம் ஒரு சாக்கு, அந்த ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் அங்கே கிளை திறந்து, நீ வந்து பார்த்துக்கிறியா என்று இவளைத்தான் முதலில் கேட்டாராம். இவள் வேண்டாம் டாக்டர் என்றாளாம். டாக்டர் சரி என்று நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாராம். கட்டுப்பல் செய்து தரும் பையன் ஒருவன் அந்தக் கிளைக்கு ஏற்கெனவே போய்விட்டான் என்பதை அவள் சொல்லவில்லை. அண்ணி கேட்கவுமில்லை, போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

டாக்டருக்கு இன்னும் ஆள் கிடைத்திருக்கவில்லை. சின்னவள் "வரேன் டாக்டர்" என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பயந்துபோய்ப் போனை வைத்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மிச்சம் அண்ணன். அவன் படிவத்தைப் பார்க்காமல் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி மூன்று ஆகிக்கொண்டிருந்தது. அவன் போடாவிட்டால் எல்லாம் பழையபடி நடைதான். குண்டூசிக்குக் கெஞ்சத் தெரியாது, இனி பேசவும் ஒன்றும் இல்லை. நின்றாள்.

அண்ணிதான் பேசினாள். "எங்கப்பா எனக்குக் கொடுத்த கார் வாசல்ல நிக்குது. அதை எடுத்துக்கோங்க, அதுலயே சொல்லிக்கொடுங்கன்னு நாலு வருஷம் முன்னாடியே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"எத்தனை தடவை?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "ரெண்டு."

நாலு வருஷமாக அந்த மனிதன் மூன்றாவது தடவைக்காகக் காத்திருக்கிறான் என்பது அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சாவிக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதுகுப்பக்கம்தான் தெரிந்தது என்றார்.

"என் காரை எடுத்துக்கோங்க" என்றாள் அண்ணி. "மூணாவது தடவை."

"நீ இவ்வளவு சொல்றதால சரி" என்றான் அண்ணன், ஏதோ கட்டாயத்துக்காக என்கிற முகத்தோடு. கையெழுத்தும் போட்டான். கால் தரையை விட்டு எழும்பியது.

குண்டூசி படிவத்தை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். மூன்றரைக்கு பேங்க், ஐந்துக்கு லாண்டரி. சாவிக்காரரின் இடது காலை யாரும் நினைக்கவில்லை. அண்ணனின் மகள் குளித்துவிட்டு வந்து, நடையில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்து அலறிய பிறகுதான் நினைத்தார்கள்.

அட்வான்ஸ் போக மிச்சமிருந்ததை அவள் அண்ணனிடம் கொடுத்தாள். எனக்கு எதுக்கு என்று அவன் ஆரம்பித்தான், அவள் கையைப் பின்னால் இழுக்கப்போவதைப் பார்த்துச் சட்டென்று வாங்கிக்கொண்டான். அதில் அந்தக் காருக்குப் பக்கத்து சீட்டில் இன்னொரு பிரேக் பொருத்தினான். இப்போது அவன் காலுக்கு அழுத்த நிஜமாகவே ஒன்று இருக்கிறது. வீட்டுத் தரை தப்பித்தது.

சின்னவள் அந்த மாதமே ஊர் மாறினாள். கட்டுப்பல் பையன் கல்யாணத்துக்குக் கேட்க, அவள் பழக்க தோஷத்தில் வேண்டாம் என்றுவிட்டு, அவன் வாசல் தாண்டுவதற்குள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து வேணும் என்றாளாம். கல்யாணம் ஆகி, இப்போது ஒரு குழந்தை. அது மட்டும் எது கேட்டாலும் முதல் தடவையே வேணும் என்கிறதாம்.

குண்டூசி திரைக்கம்பியில் நீலத் திரை மாட்டினாள். கடை ஓட்டமாக ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து, வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், சாவிக்காரர் வந்து கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவருக்கு அந்த வீட்டு வழக்கம்தான் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியுமே. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த வாரம் மறுபடி கேட்டார். வேண்டாம். மூன்றாவது வாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தெருவே வேலையைப் போட்டுவிட்டு லாண்டரி வாசலில் நின்றது.

"நான் இப்பல்லாம் முதல் தடவையே நிஜம்தாங்க சொல்றது" என்றாள் குண்டூசி. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள் என்கிறார்கள், ஆனால் சொல்லிவிட்டாள்.

அவர் அப்புறம் அந்தப் போன் ரிப்பேர்க்காரனின் அக்காவைக் கட்டிக்கொண்டு, அவள் ஊருக்கே போய்விட்டார். அவர் கடை போன் ரிப்பேர்க்காரனுக்குக் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில், குண்டூசியின் கடைக்கு இன்னொரு சாவி வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எவ்வளவு ஆச்சு என்று அவள் பர்ஸைத் திறந்தாள். காசெல்லாம் வேண்டாம்மா என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்று குண்டூசி பர்ஸை மூடிவிட்டாள். மனிதர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் போனார்.