கறுப்புச் சட்டைக்காரன்

சினிமாவுக்கு வரமாட்டேன் என்று என் புருஷன் பெர்த்தலான் அடம்பிடித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எங்கள் ஆலாக் ஊரில் பாதிப்பேர் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகள், மீதிப்பேர் லாயத்து ஆட்கள். எங்கள் பந்தய மைதானத்தில் எடுத்த படம் வந்திருக்கிறது. ஒரு ஜாக்கி அதைப் பார்க்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

"தலைவலிக்குதுடி. நீயும் உன் தம்பியும் போயிட்டு வாங்க."

என்ன தலைவலி என்று எனக்குத் தெரியாதா? போன வசந்தத்தில் புடாபெஸ்ட் படக்காரர்கள் வந்து, வளைவில் காமிராவை நட்டு, நிஜப் பந்தயத்தையே பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று கதாநாயகியைக் குதிரையில் ஏற்றிவிட்டவர் இவர்தான். இடுப்பைப் பிடித்து! மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்த அவள் உதட்டை இவர் பார்த்ததை நான் பார்த்தேன். திரையில் அவளைக் கண்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறார் போலும். விடுவேனா? இழுத்துக்கொண்டு போனேன்.

தம்பி லோரான்ட் ஊன்றுகோலை மடியில் கிடத்தி, முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பந்தயத்தில்தான் அவன் விழுந்து கால் போனது. பின்னாலிருந்து யாரோ குறுக்கே வெட்டி அவன் குதிரையை வேலியோடு நெருக்கிவிட்டார்கள். புழுதியில் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கதையைப் பார்க்க அவன் வரவில்லை. அந்த ஆளைப் பார்க்க வந்திருந்தான்.

ஊமைப்படத்துக்குத் திரையடியில் வாசிக்கும் பியானோக்காரர் வேகத்தைக் கூட்டினார். பந்தயம் வந்தது. புழுதிக்குள் ஒரு முதுகு, கறுப்புச் சட்டை, சடாரென்று உள்ளே வெட்டியது. என் தம்பி குதிரையோடு சரிந்தான்.

"வென்ட்செல்!" என்று கொட்டகையே கத்தியது. "அன்னிக்குக் கறுப்புச் சட்டையில ஓட்டின ஜாக்கி அவன்தானே!"

என் புருஷனுக்குத் தலைவலி பறந்துவிட்டது. வறுத்த பூசணி விதை வாங்கிக் கொறிக்க ஆரம்பித்தார்.

"பார்த்தியா? அந்த வென்ட்செல் ஒரு மாதிரியான ஆளுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

அப்படி அவர் சொன்னதே இல்லை.

அடுத்து கதாநாயகியின் முகம் திரையை நிறைத்தது. சட்டென்று இவர் முகத்தைப் பார்த்தேன். அவளை இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரக்கண் முழுக்க என் தம்பி மேல் இருந்தது. குழம்பிப்போய்த் திரையைப் பார்த்தேன். அதே உடை, அதே குதிரை. ஆனால் உதடு கரியாகக் கறுத்திருந்தது. அந்தச் சிவப்பை நினைத்து ராத்திரியெல்லாம் வயிறெரிந்தவள் நான், எனக்கா மறக்கும்? அப்படியானால் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புதான் கறுப்பாக விழுகிறது.

அன்று சிவப்புச் சட்டை போட்டு ஓட்டியவர் ஒரே ஒருவர். என் பக்கத்தில் விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

கடவுளே, இவருக்கு அவளோடு தொடர்பே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் லோரான்ட் கத்தினான். "நாளைக்கே பந்தயக் கிளப்புக்குப் போறேன். வென்ட்செலோட லைசென்ஸைப் பிடுங்காம விடமாட்டேன்."

"போலாம்டா, நானும் வந்து சாட்சி சொல்றேன்" என்றார் இவர்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சாட்சியா? சரி, முதல்ல எனக்குச் சொல்லுங்க. அந்தப் பொம்பளை உதடு அன்னிக்குச் சிவப்பா, கறுப்பா? நீங்கதானே கிட்ட நின்னு பார்த்தீங்க!"

"அக்கா, இதுக்கு இப்பவா சண்டை?" என்று தம்பி சிரித்தான்.

"படத்துல அது கறுப்பா இருந்துச்சுடா. உன் அத்தானோட சிவப்புச் சட்டையும் அப்படித்தான் இருந்திருக்கும்."

சிரிப்பு நின்றது. "அத்தான்?"

பெர்த்தலான் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு ஜெயிக்கலேன்னா இனிமே எனக்குக் குதிரை கிடையாதுன்னு லாயத்து முதலாளி சொல்லிட்டார்டா. வேற வழி தெரியல."

லோரான்ட் ஊன்றுகோலை ஊன்றி அவர் முன்னால் வந்து நின்றான்.

"ஜெயிக்கலியே அத்தான்" என்றான். "மூணாவதாதானே வந்தீங்க."