குடிக்காதவரின் ஈரல்

சிமெண்டுக் கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள் வேலை நேரத்தில் சோறு தின்பதில்லை. வயிறு நிறைந்திருந்தால் ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக் குனிய முடியாது. தின்றது தொண்டைக்கு ஏறிவிடும். அதனால் ஒரு லாரி காலியானதும் ஒரு டம்ளர் டீ, அதில் நாலு ஸ்பூன் சீனி. அடுத்த லாரி, அடுத்த டம்ளர். ஒரு நாளைக்கு எட்டு லாரியாவது வரும். குளித்து முடித்த பிறகு சாயங்காலம்தான் சோறு.

அந்த டீயைப் போடுகிறவள் அவள். கிடங்கு வாசலில் தகரம் சாய்த்து ஒரு அடுப்பு. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் அவள் புருஷன். டம்ளரின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியையும் விரலால் வழித்து நக்குவார். கிடங்கில் அவருக்குப் பேரே ‘பாகு’.

“பாகுவைக் கடிச்ச கொசு சுகர் வந்து செத்துப்போச்சாம்டா” என்பார் மேஸ்திரி.

“உங்களைக் கடிச்ச கொசு போதையில செவுத்துல முட்டிக்கிட்டுக் கிடக்கு, அதைப் பாருங்க முதல்ல” என்பார் அவர்.

அது உண்மைதான். வேலை முடிந்ததும் மற்றவர்கள் சாராயக் கடைக்குப் போனார்கள். அவர் போனதில்லை. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். பதினாறு வயதில் அப்பாவைச் சாக்கடையிலிருந்து தோளில் தூக்கிவந்ததுதான் தன் முதல் மூட்டை என்று சொல்வார். சொல்லும்போது சிரிக்கமாட்டார். தெருவில் மற்றப் பெண்கள் புருஷனின் சட்டைப் பையை மோந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தலைநிமிர்ந்து நடந்தாள்.

ஒருநாள் கிடங்குக்கு மருத்துவ வண்டி வந்தது. விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மேஸ்திரிக்குச் சுகர். பாகுவுக்கு இல்லை. கிடங்கே கைதட்டியது. அவர் சீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார்.

“சுகர் இல்லைன்னா இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லண்ணே” என்றாள் நர்ஸ். “நல்லா இருக்கிறவங்களும் ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூனோட நிறுத்திக்கிறது நல்லது.”

“ஆறா? அது எனக்கு ஒன்றரை டம்ளருக்குத்தாம்மா வரும். மீதி ஆறரை டம்ளருக்கு நீ வந்து மூட்டை தூக்குவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு மட்டும் ஐந்தாவது ஸ்பூன் போட்டாள், சந்தோஷத்துக்கு. அப்புறம் அது அப்படியே வழக்கமாகிவிட்டது. இல்லாத நோய்க்கு எதற்குப் பத்தியம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மூன்று வருஷம் ஓடியது. அவருக்குக் கைகால் வற்றிப்போய் வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. தொப்பை என்று கேலி செய்தார்கள். கால் வீங்கியது, வயசு என்றார்கள். கடைசியில் ஒருநாள் முதுகில் மூட்டையோடு, லாரிக்குச் சாய்த்த பலகையில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “ஈரல் சுருங்கிப்போச்சு. எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“தொட்டதே இல்ல சார்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க” என்று எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புருஷனின் தம்பி அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். “அண்ணி, அப்பாவுக்கும் இதேதான், அச்சு அசல். அண்ணன் நமக்குத் தெரியாம குடிச்சிருக்காரு.”

“வாயக் கழுவு. உங்க அண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும். ஈரல் பொய் சொல்லுமா அண்ணி?”

அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எப்போதாவது வீட்டுக்குத் தாமதமாக வந்த நாட்களை எல்லாம் மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். மேஸ்திரி பார்க்க வந்தபோது அவரையும் கேட்டாள். “நான் பாத்ததில்லம்மா” என்றார் அவர். ‘பார்த்ததில்லை’ என்று ஏன் சொல்கிறார், ‘இல்லை’ என்று சொன்னால் என்ன என்று அதிலும் ஒரு குறை கண்டாள்.

அன்று மத்தியானம் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்கிட்ட மட்டும் சொல்லுங்க. கோபப்படமாட்டேன். எப்பவாவது குடிச்சீங்களா?”

அவர் அவளையே பார்த்தார். ஊரே கேட்டதற்கு வாய்க்கு வாய் பதில் சொன்ன மனுஷன், அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் கையால் கஞ்சி வாங்கவில்லை. தம்பி கொடுத்தால் இரண்டு வாய்.

நாலாம் நாள் ஒரு பெரிய டாக்டரம்மா வந்து படங்களையும் சீட்டுகளையும் வெகுநேரம் பார்த்தார். அவளைத் தனியாக உட்காரவைத்து, புருஷன் விடிந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டார். எட்டு டம்ளர், டம்ளருக்கு ஐந்து ஸ்பூன் என்று அவள் டீக்கணக்கைச் சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

“நாற்பது ஸ்பூனா? எத்தனை வருஷமா?”

“இருபத்தாறு வருஷமா தூக்குறாருங்க. முதல்ல நாலு ஸ்பூன்தான், இந்த மூணு வருஷமாத்தான் அஞ்சு. ஆனா அவருக்குச் சுகர் இல்லைன்னு சீட்டே கொடுத்தாங்களே.”

“அது சுகர் வந்திருச்சான்னு மட்டும் பார்க்கிற டெஸ்ட்மா. ஈரல் எப்படி இருக்குன்னு அதுல தெரியாது. அளவுக்கு மிஞ்சின சீனியை ஈரல் கொழுப்பா மாத்தும். சில பேருக்கு அது வருஷக்கணக்கா சேர்ந்து ஈரலையே கெடுத்துடும். உடம்புவாகும் சேரணும், சீனி மட்டும்தான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா குடிக்காதவங்களுக்கும் இது வரும். உங்க வீட்டுக்காரர் பொய் சொன்ன மாதிரி எனக்குத் தெரியல.”

“முன்னாடியே குறைச்சிருந்தா?”

டாக்டரம்மா சீட்டுகளை மடித்து உறையில் வைத்தார். “இவ்வளவு தூரம் வராமலும் இருந்திருக்கலாம்” என்றார்.

ஐந்தாவது ஸ்பூன் போட்ட கையை அவள் மடியில் வைத்துப் பார்த்தாள். அழுகை அப்போது வரவில்லை. முதலில் அவரிடம் சொல்லவேண்டும். காலில் விழுந்துவிடலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். படிக்கட்டில் ஓடினாள்.

கட்டிலருகே தம்பியும் வார்டு நர்ஸும் நின்றிருந்தார்கள். ராத்திரியிலிருந்தே அவர் உளறிக்கொண்டிருந்தார். ஈரல் கெட்டால் மூளையும் குழம்பும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கை மட்டும் போர்வையை மூட்டை போல இழுத்து இழுத்து விட்டது.

அவள் அவர் காதருகே குனிந்தாள். “என்னங்க, நீங்க குடிக்கலைங்க. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. நான்தான் பாவி, உங்களைப் போய்க் கேட்டுட்டேன். கேக்குதா?”

மஞ்சள் கண்கள் அவள் முகத்தில் வந்து நின்றன. அவருக்கு அவள் யாரென்று தெரியவில்லை. வேற்று ஆளுக்குக் காட்டும் மரியாதையோடு கொஞ்சம் எழுந்திருக்கப் பார்த்தார்.

“குடிச்சேன்னே எழுதிக்கோங்கம்மா” என்றார்.

“ஐயோ, இல்லைங்க.”

“எழுதிக்கோங்க. அவளும் நம்பல. நான் குடிக்கலைன்னு சொன்னா அவளுக்கு வேதனையா இருக்கு.”

அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “நான் நம்புறேன், நான் நம்புறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அந்த அம்மாவின் அழுகைக்குக் காரணம் புரியாமல், சங்கடத்தோடு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.