கைப்பிடி இல்லாத இலவசக் கதவு

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கதவின் மென்பொருளுக்குச் சந்தா முடிந்தது. நான் வெளியே இருந்தேன். என் மனைவி பியூலா உள்ளே இருந்தாள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கதவு உங்களுது சார். திறக்கிறது எங்களுது."

"என் மனைவி உள்ள இருக்கா."

"ஜன்னல் வழியா பாக்கலாம் சார். எதையும் மாத்த முடியாது."

"அது முன்னாடியும் முடியாதும்மா."

சந்தா என் பெயரில் இருப்பதால், புதுப்பிக்க, கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணை நானே நேரில் பார்த்துப் படித்துச் சொல்ல வேண்டுமாம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் கட்டற்ற மென்பொருள் சங்கம் ஓர் இறகுப்பந்து மைதானத்தில் கூடுகிறது. நான் நடக்க நடக்க மைதானம் நீண்டது. வலைக்கு அந்தப் பக்கம் தலைவர் இசக்கியப்பனும் தன்னார்வலர்களும் ஒரு கதவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"எடுத்துக்கிடுங்க. இலவசம். இத உங்ககிட்ட இருந்து யாரும் பிடுங்க முடியாது."

"கைப்பிடி இல்லையே."

"கைப்பிடிக்காரங்க சண்ட போட்டுப் பிரிஞ்சு போயிட்டாங்க. அவங்ககிட்ட வெறும் கைப்பிடிதான் இருக்கு."

"அப்ப நான் எப்படித் திறக்க?"

"நீங்களே ஒண்ணு செஞ்சுக்கிடலாம். உங்களுக்கு முழு சுதந்திரம் இருக்கு."

உண்மையிலேயே பெருமையாகச் சொன்னார்.

செய்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அந்தக் கைப்பிடியை ஏற்பதா என்று சங்கத்தார் நாற்பது நாள் விவாதித்தார்கள். கைப்பிடி என்பதே அடிமைத்தனம் என்றார் ஒருவர். பியூலா ஜன்னலில் நின்று தினமும் கையசைத்தாள். பிறகு அசைப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். கதவைக் கொண்டுவந்து மாட்டினோம். திறந்தது.

ஏறக்குறைய அதே வீடுதான். கூடம் இரண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளியிருந்தது. ஃபிரிட்ஜ் ஜன்னல்மேல் ஏறியிருந்தது. சமையலறை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

பியூலா எழுந்து வந்து ஏதோ சொன்னாள். வாயிலிருந்து எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் கட்டமாக விழுந்தது. நான் அவள் பெயரைச் சொன்னேன். மூன்று கட்டங்கள் விழுந்தன.

"எழுத்துரு இல்ல, அதான் ஃபாண்ட்," என்றார் இசக்கியப்பன். "நீங்க ரெண்டு பேரும் பேசுறது அந்தக் கம்பெனி எழுத்துருவுல இருக்கு."

யார் சரி செய்வார்கள் என்று சைகையில் கேட்டேன்.

"யாருக்குத் தேவையோ அவங்கதான்."

நானும் பியூலாவும் தரையில் உட்கார்ந்து எழுத்துகளை வெட்ட ஆரம்பித்தோம். அவள் சுழிகளை வெட்டினாள். நான் கால்களை வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை 'வா' முடிந்தது. அவள் அதை வாயில் போட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வா."

வாசலில் நின்ற தன்னார்வலர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

'என்னையா?' என்று கேட்க எனக்கு இன்னும் நான்கு எழுத்து வெட்ட வேண்டியிருந்தது.